பாட்டு அவருடையதாம்

மார்ச் 4

வந்ததும் வராததுமாக பென்ட்செ இன்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். "குமுதா, நாங்க இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்த வேரே நீதான்!"

நான் வயலின் வில்லுக்கு ரோஸின் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை. புடாபெஸ்டில் பிறந்து வளர்ந்த தடியன், மன்னார்குடி மேல ராஜ வீதிக்காரியிடம் வந்து வேரைத் தேடுகிறான். அவன் பேசியது ஆங்கிலம்தான். இந்த டைரியில் எல்லாரையும் என் ஊர்த் தமிழில்தான் பேச வைக்கப் போகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.

விஷயம் ஒன்றுமில்லை. ஹங்கேரிக்காரர்களின் முன்னோர் ஆயிரம் வருஷத்துக்கு முன் கிழக்கிலிருந்து குதிரையில் வந்தவர்களாம். இவர்களுடைய பழைய கிராமத்துப் பாட்டுகள் பலவற்றில் ஐந்தே ஸ்வரம்தான். மேலே ஒரு வரி பாடி, அதையே ஐந்து ஸ்வரம் கீழே இறக்கித் திரும்பப் பாடுவார்கள். அந்த ஐந்தும் நம் சுத்த தன்யாசியின் ஐந்து. போன வாரம் சும்மா இருக்கமாட்டாமல் அதை நானே சொல்லித் தொலைத்தேன். உடும்பாகப் பிடித்துக்கொண்டான். சுவரொட்டியில் என் பெயருக்குக் கீழே 'ஆதி ஆசியாவின் குரல்' என்று போடப் போகிறானாம். கண்றாவி. ஐந்து ஸ்வரத்தில் பாடாத ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது?

நாங்கள் வாசிக்கிற குழுவின் பெயர் 'வேர் 2.0'. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

மார்ச் 9

என் வீட்டுக்காரர் சபேசனுக்கு ஜூன் கடைசியோடு இங்கே புடாபெஸ்டில் வேலை முடிகிறது. கம்பெனி சென்னைக்கே திருப்பி அனுப்புகிறது. என்னுடைய குடியிருப்பு அட்டை அவருடையதோடு ஒட்டிக்கொண்டது. அவர் போனால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். பென்ட்செயின் குழுவுக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. அவர்கள் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தால் எனக்கென்று தனி அட்டை கிடைக்கும்.

"ஒரு வருஷம் தனியா இங்க என்ன பண்ணுவே?" என்று கேட்டார், மோர்க்குழம்பைப் பிசைந்துகொண்டே.

"வாசிப்பேன்."

"ஏன், அங்க வாசிக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான். பெரம்பூர் வீட்டில் என் வயலின் கல்யாணமான நாளிலிருந்து பீரோ மேலேயே இருந்தது. யாரும் பிடுங்கி வைக்கவில்லை. வீடு பெருக்கும்போது ஒரு தடவை ஏறியது, இறங்கவில்லை. அதற்கு முன்னால் நான் வாசித்ததும் நாட்டியப் பள்ளியில்தான். குழந்தைகள் 'தையா தை' என்று குதிக்க, ஓரத்தில் உட்கார்ந்து அதுகளின் காலையே பார்த்துக்கொண்டு இழுத்தேன்.

ஒப்பந்தம் கிடைத்தால் கிடைக்கட்டும். எனக்கொன்றும் உயிர் போகிற காரியமில்லை.

மார்ச் 10

பென்ட்செயிடம் ஒப்பந்தம் பற்றி இன்று கேட்கவில்லை.

மார்ச் 12

இன்றும் கேட்கவில்லை. அவன் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தேன்.

மார்ச் 17

டோர்கா எங்கள் பாடகி. இசைக் கல்லூரியில் நாட்டுப்புறப் பாட்டுக்கென்று பட்டம் வாங்கியவள். குரல் நல்ல குரல், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தப் பெண் செய்கிற அலட்டல் தாங்கவில்லை. எந்தக் காலத்திலோ ஒரு கிராமத்தில் பதிவு செய்த பாட்டை மனப்பாடம் பண்ணி வந்து இன்று பாடினாள். நாலாவது வரிக்கு முன்னால் தொண்டையைக் கனைத்தாள். சளி பிடித்திருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் அதே இடத்தில் கனைத்தாள். மூன்றாம் தடவையும்.

கேட்டால், அது அலங்காரமாம். "மூலப் பதிவுல இருக்கு. அந்தப் பக்கத்துப் பாணி."

பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னேன். பாடின அம்மாளுக்கு மூச்சுத்திணறல். பாவம், கபம் கட்டி இருமியிருக்கிறாள். இவள் அதை ஏழெட்டு மாதம் சாதகம் பண்ணியிருக்கிறாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். இந்தச் சமயத்தில் எனக்கு விரோதி வேண்டாம்.

துவைத்த துணி காயவே இல்லை. ரேடியேட்டர் மேல் சபேசனின் பனியன்கள்.

மார்ச் 26

இந்தக் கூட்டத்தில் மனுஷியாகப் பேசக்கூடியவள் இலோனா ஒருத்திதான். ஐம்பதைத் தாண்டியவள். பல் டாக்டரிடம் வரவேற்பறை வேலை, சாயங்காலம் இங்கே. எந்நேரமும் சிகரெட், வாய் திறந்தால் கெட்ட வார்த்தை. அவள் வாசிப்பது கார்டோன். பார்க்க செல்லோ மாதிரி இருக்கும், ஆனால் வில் கிடையாது. தடியால் தந்தியை அடிக்க வேண்டும், ராகம் கீகம் ஒன்றும் வராது, வெறும் தாளம். ருமேனியா மலைக்குள் ஜிமேஷ் என்று ஒரு பள்ளத்தாக்கு, ஹங்கேரிய மொழி பேசுகிற ஜனம், அங்கேதான் பிறந்தாள். அந்த ஊர் வழக்கப்படி புருஷன் வயலின், பெண்டாட்டி கார்டோன். இவள் புருஷன் மரம் வெட்ட ஸ்வீடனுக்குப் போய் அங்கே ஒருத்தியோடு தங்கிவிட்டான்.

"வயலினை மறக்காம எடுத்துக்கிட்டுப் போனான். தடியை மட்டும் எனக்கு விட்டுட்டான்" என்று சொல்லி இருமி இருமிச் சிரித்தாள்.

பிறகு திடீரென்று, "நீ ஏன் எப்பவும் கீழயே பார்த்து வாசிக்கறே?" என்றாள்.

நாட்டியப் பள்ளியைச் சொன்னேன். சிகரெட்டை அணைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவர்கள் ஊரில் வயலின்காரனுக்கு அதுதான் வேலையாம். அங்கே பெரிய மனுஷன் ஒவ்வொருத்தனுக்கும் சொந்தமாக ஒரு பாட்டு உண்டு. கல்யாணத்தில் அவன் எழுந்து நடுவே வந்தால், கேட்காமலே அவன் பாட்டை எடுக்க வேண்டும். அவன் காலைப் பார்த்து, கால் நீண்டால் நீட்டி, குறுகினால் குறுக்கி வாசிக்க வேண்டும். அந்தப் பாட்டுக்கு வேறு யாரும் ஆட மாட்டார்கள்.

"காலைப் பார்க்காம வாசிச்சா?"

"நீ இங்க ஒரு ஆளே இல்லேன்னு ஊர் கூடியிருக்கச்சே மூஞ்சில சொல்ற மாதிரி. எங்க மாமா ஒருத்தர் அதுக்கே ஊரை விட்டுப் போயிட்டார்."

நம்மூர் மைனர்கள் நாயனக்காரரைப் பிடித்து நிறுத்தி, 'எனக்காக ஒண்ணு வாசிங்க' என்று ஜம்பம் அடிப்பார்களே, அதேதான். இதற்குப் போய் ஊரை விடுவார்களாம்! வேலை வெட்டி இல்லாத ஜனம்.

ஏப்ரல் 11

பென்ட்செக்குப் புதையல் கிடைத்திருக்கிறது. ஏதோ ஆவணக் காப்பகத்தில் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்யாண வீட்டுப் பதிவு. வயலினும் கார்டோனும் மட்டும். அட்டையில் 'மரபு, யாருடையது என்று தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறது. கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேல் பஞ்சமத்தில் நின்று தயங்கித் தயங்கி இறங்குகிறது. நாலாவது அடியில் ஒரு இழுப்பு, உடனே அவசரமாக இரண்டு எட்டு. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இலோனா, "இதுல ஒருத்தன் கால் இருக்கு. யாரோட பாட்டுன்னு ஊர்ல விசாரிக்கறேன்" என்றாள்.

"மரபுன்னுதானே போட்டிருக்கு. மரபுன்னா எல்லாருக்கும்தான்" என்றான் அவன்.

அவளும் தோளைக் குலுக்கிவிட்டு சிகரெட் பிடிக்கப் போய்விட்டாள். வாயளவு வீரம்.

ஏப்ரல் 15

பென்ட்செ பாட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு நிமிர்த்திவிட்டான். "நொண்டிக்கிட்டிருந்தது. சரி பண்ணிட்டேன்." இப்போது அது ரயில் தண்டவாளம் மாதிரி நேராக ஓடுகிறது. எங்கள் எல்லார் காதிலும் ஒரு குமிழ், அதற்குள் 'டிக் டிக்' என்று கணக்கு. கீழே அவனுடைய டமார் டமார். இதற்குப் பெயர் புத்துயிர் கொடுப்பதாம். நடுவில் எனக்குத் தனி ஆவர்த்தனம் மாதிரி பெரிய இடம் விட்டிருக்கிறான். "உன் ஆசியாவை இங்க கொட்டு" என்றான்.

"நல்லா இருக்கு பென்ட்செ" என்று சொன்னேன்.

ஏப்ரல் 19

ஞாயிறு. வாஷிங் மெஷின் ஓடுகிற வரைக்கும் பொழுது போகவில்லை. பழைய பதிவை வைத்துக்கொண்டு வாசித்தேன், நொண்டலோடு.

ஏப்ரல் 20

இன்றும் துணி துவைத்தேன்.

ஏப்ரல் 21

சபேசன், "அந்த மெஷின்ல துணியே இல்லையேம்மா, காலியா சுத்துது" என்றார். அவருக்கு எதிலெல்லாம் கண் போகிறது பாருங்கள்.

மே 2

சபேசன் சாமான்களைப் பெட்டி கட்டுகிறார். குக்கரை எடுத்துப் போவதா, எனக்கு விட்டுப் போவதா என்று அரைமணி நேரம் யோசித்தார். எடுத்துப் பெட்டியில் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார்.

"எனக்கு ஒண்ணுமே சொல்லலையே அவங்க. ஒப்பந்தம் வரப்போவுதா இல்லையா?"

"வரும், வரும்."

"வரலேன்னா அம்மா சந்தோஷப்படுவாங்க."

அது எனக்குத் தெரியாதா?

மே 14

கேட்டே விட்டேன். பென்ட்செ சொன்னது இதுதான்: மாதக் கடைசியில் எல்லாரும் ஜிமேஷுக்குப் போகிறோம். அந்த ஊர்க் கலாசார மண்டபத்தில், அந்த ஜனங்களை உட்கார வைத்து, அந்தப் பாட்டை வீடியோ எடுக்கப் போகிறான். 'பாட்டு வீட்டுக்குத் திரும்புகிறது' என்று அதற்குத் தலைப்பாம். அறக்கட்டளைத் தலைவி ஷரோல்தா அம்மாளும் வருகிறாள். "வீடியோ நல்லா வந்துடுச்சுன்னா அங்கேயே உன் பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்லிடறேன். சொதப்பிச்சுன்னா எனக்கே காசு கிடையாது குமுதா. அப்பறம் உனக்கு எங்க போறது?"

சொதப்ப நான் என்ன டோர்காவா?

மே 30

பதினாலு மணி நேர வேன் பயணத்தில் இடுப்பு கழன்றுவிட்டது. நேற்றைய கூத்தை இன்று எழுதுகிறேன்.

மண்டபம் நம்மூர் பஞ்சாயத்துக் கல்யாண மண்டபம் மாதிரி. பச்சைச் சுவர், இரும்பு நாற்காலி. ஜனம் கோயிலுக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தது. பென்ட்செ மட்டும் அந்த ஊர்க்காரர்களே போடாத பூவேலை மேல்சட்டை, ஆன்லைனில் வாங்கியது. ஷரோல்தா அம்மாள் முன் வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒருத்தர் வந்ததிலிருந்தே எல்லார் உயிரையும் வாங்கினார். கெர்கெய் என்று பெயர். அறுபத்தைந்து இருக்கும். மர லாரி ஓட்டுகிறவர், தொப்பை, மீசைக்குக் கறுப்புச் சாயம். கேமராக்காரனிடம் போய், "என்னை இடது பக்கமா எடு, அதான் நல்ல பக்கம்" என்றார். என்னிடம் பிளம் சாராயத்தை நீட்டி, "இந்தியா! குடி, விரல் நல்லா ஓடும்" என்றார். சீப்பை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். இந்த வயதில் இந்த மினுக்கு.

முதல் இரண்டு தடவை எடுத்தது சரியாக வரவில்லை. ஒரு தடவை மின்சாரம் போனது, ஒரு தடவை டோர்கா தப்பான இடத்தில் கனைத்தாள். ஷரோல்தா அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இதுதான் கடைசி" என்றான் பென்ட்செ. அந்த இரண்டு தடவையும் பாட்டு என் இடம் வரைக்கும் வரவேயில்லை. மூன்றாம் தடவை வந்தது. டமார் சத்தம் ஓய்ந்து, என் வயலின் மட்டும் அந்த ராகத்தை எடுத்தது.

கெர்கெய் எழுந்துவிட்டார்.

பாட்டு அவருடையதாம்.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. சடசடவென்று நாற்காலிகளை இழுத்து நடுவில் இடம் விட்டார்கள். அவர் பெண்டாட்டி எழுந்து, கோட்டின் பின்பக்கத்தை இழுத்து நேராக்கி விட்டாள். அவர் நடுவே வந்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றார். இலோனாவின் தடி நின்றுவிட்டது. பென்ட்செ விரலைச் சுழற்றினான், நிறுத்தாதே, வாசி வாசி என்று. காதில் டிக் டிக்.

நான் வாசித்தேன். மனோதர்மமாக வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். அதனால் அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. டோர்கா சொல்லித்தான் தெரியும்.

இடது காலை எடுத்து வைத்தாராம். பழுப்பு நிற ஷூ, பாலிஷ் போட்டது, ஓரத்தில் தையல் விட்டிருந்தது. நாலாவது அடியில் இழுப்பு வர வேண்டும். அவர் காலை அந்தரத்தில் நிறுத்தினார். பாட்டு நிற்காமல் போய்விட்டது. கால் தனியாக நின்றது. மறுபடி முதலிலிருந்து வைத்தார். இந்தத் தடவை அவசர அவசரமாக, பாட்டைத் துரத்திப் பிடிக்கிற மாதிரி. நாலாவது அடியில் மறுபடி நிறுத்திப் பார்த்தார். பாட்டு போய்விட்டது. பின்னால் ஒரு பையன் சிரித்தான். கை இறங்கியது. அவர் உட்காரப் போகவில்லை. நடுவே இருந்த இடத்தை நேராகக் கடந்து, பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே போனார். பெண்டாட்டி அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

நான் என்ன செய்திருக்க முடியும்? எல்லாம் ஒரே கணக்கில் ஓடுகிறது. ஒருத்தி விலகினால் மொத்தமும் சரியும். ஆட வருகிறவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டாமா? சீப்பும் சாயமுமாக வந்து நடுவில் நின்றால் ஆயிற்றா? இது என்ன அவர் வீட்டுக் கல்யாணமா?

பாட்டு முடிந்ததும் ஷரோல்தா அம்மாள் எழுந்து நின்று கைதட்டினாள்.

மே 31

வேனில் இலோனா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வழி முழுக்க என்னோடு ஒரு பேச்சில்லை. பேசாவிட்டால் போகட்டும். தடியைக் கீழே வைத்தது தவிர இவள் மட்டும் என்ன கிழித்துவிட்டாள்?

ஜூன் 9

கையெழுத்தாகிவிட்டது. ஒரு வருஷம்.

சபேசனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "சரி. சந்தோஷமா இருக்கியா?" என்றார்.

"பின்னே?"

"மூஞ்சியப் பார்த்தாத் தெரியலை, அதான் கேட்டேன்." குக்கரைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுப்பு மேல் வைத்தார்.

ஜூன் 18

வீடியோ வெளிவந்தது. உலகமே பார்க்கிறதாம். பென்ட்செ தரையில் கால் பாவாமல் திரிகிறான். கெர்கெய் எழுந்து நிற்கிற இடத்தை மெதுவாக ஓட வைத்திருக்கிறான். பாட்டைக் கேட்டு உருகிப்போய் ஒரு கிராமத்தான் தன்னை மறந்து எழுந்த மாதிரி இருக்கிறது. கை தூக்கியதோடு வெட்டிவிட்டான். கீழே ஆயிரக்கணக்கானவர்கள் அழுகிற பொம்மை போட்டிருக்கிறார்கள். மூளை கெட்ட கூட்டம்.

அவரை வெட்டிய இடத்தில் என் முகம் வருகிறது. கண் திறந்திருக்கிறது. கீழே பார்க்கிறேன்.

விளக்கு வெளிச்சம் அப்படி. இமை பாதி மூடியிருந்தால் திறந்த மாதிரிதான் தெரியும்.

ஜூன் 28

சபேசனை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு பெரிதாக இருக்கிறது. வயலினை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன்.

ஜூன் 30

வாசிக்கவில்லை. அலுப்பு.

ஜூலை 3

இலோனா வந்தாள். குழுவை விட்டுப் போய் மூன்று வாரமாகிறது. மாடி ஏறி மூச்சு வாங்க வந்து, கேட்காமலே ஜன்னலைத் திறந்து சிகரெட்டைப் பற்ற வைத்தாள். ஊருக்குப் போய் வந்தாளாம்.

கெர்கெய் அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. ஊர்ப் பையன்கள் தெருவில் ஒற்றைக் காலைத் தூக்கி நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்களாம். இவ்வளவு பெரிய மீசைக்காரர் லாரியை விட்டு இறங்காமலேயே வீட்டுக்கும் மர அறுவை மில்லுக்கும் போய் வருகிறாராம். எனக்கு இதெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"அவரு வீடியோவைப் பார்த்தாரு. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம்" என்றாள் இலோனா. "பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாரு. 'அந்த இந்தியாக்காரப் பொண்ணு என் காலையேதான் பார்த்துக்கிட்டிருக்கா. நான் நிறுத்தற எடத்துல அவ கண்ணும் நிக்குது. அவளுக்குப் பாட்டு தெரிஞ்சிருக்கு. பாவம், அவங்க அவளை விடலை'ங்கறாரு."

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. போய் அணைத்துவிட்டு வந்தேன்.

"அதைக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள். "நான் உன்னைத் தப்பா நெனச்சு இத்தனை நாள் பேசாம இருந்துட்டேன். சொல்லு. விடலையா?"

"ஆமாம். விடலை" என்றேன்.

சிகரெட்டை ஜன்னல் விளிம்பில் நசுக்கிவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பென்ட்செயை ஹங்கேரிய மொழியில் என்னென்னவோ திட்டினாள். எனக்குப் புரிந்த வரையில் எல்லாம் அவன் அம்மாவைப் பற்றியது.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை கெர்கெய் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணமாம். நான் வயலின், இலோனா கார்டோன். வேறு யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கு அவர் எல்லார் முன்னாலும் எழுந்து ஆடப் போகிறார். "உனக்குப் பழக்கமில்லையேன்னு கவலைப்படாதேன்னு சொல்லச் சொன்னாரு. உனக்காக மெதுவா ஆடறாராம்."

தேதி பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

சொன்னதும் நம்பிவிடுகிறவர்களை என்ன செய்வது. தலையெழுத்து.

ஜூலை 4

ஒத்திகையில் பென்ட்செயிடம் செப்டம்பர் கச்சேரிகளைக் கேட்டேன். பெர்லின், வியன்னா என்று ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்கக் காலியாம்.

"ஏன், எங்கயாவது போகணுமா? தாராளமாப் போயிட்டு வா" என்றான்.

இல்லை என்றேன்.